நிரம்பி வழிய மூன்று முறை

முத்துமாரிக்கு ஓர் ஆற்றின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. அதுவும் கண்ணால் பார்த்தேயிராத ஆறு. லேனா என்று பெயர். ரஷ்யாவில், காலகாலமாக உறைந்தே கிடக்கும் மண்ணுக்கு நடுவே ஓடி, ஆர்க்டிக் கடலில் போய் விழுகிறது. பல் தேய்த்தால் லேனா, பஸ் ஏறினால் லேனா. "யாருடி அவ? உன்கூட வேலை செய்யறவளா?" என்று அம்மா வீராயி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஆறும்மா! அந்தப் பக்கத்து மண்ணு பூரா ஐஸா இருக்கும். இப்ப சூடு கூடி உருகுது. உள்ளாற ஆயிரக்கணக்கான வருஷத்து இலை, வேரு எல்லாம் மக்காம அப்படியே கெடக்கு. அது கரைஞ்சு ஆத்துக்கு வருது. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அதைத் தின்னு மூச்சு வுடுது. அந்த கார்பன் டை ஆக்சைடு ஆத்துலேர்ந்து மேல போவுது. எவ்ளோ போவுதுன்னு அளக்கணும்."

"கிருமி மூச்சு வுடறத அளக்கவா உன்ன எம்மெஸ்ஸி படிக்க வெச்சேன்?"

"ஆமா!" என்று கத்திவிட்டு ஓடினாள் முத்துமாரி.

ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, இந்தர்புரி ஜுக்கியில், அந்தக் குடிசைச் சந்துகளில், ஒற்றை அறையில் குடித்தனம் செய்யும் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அப்பா சுப்பு பெயின்ட் அடிக்கிறார். அம்மா கரோல் பாகில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். முத்துமாரி பூசா சாலைப் பக்கம் ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பெரும்பாலும் பாட்டில் கழுவும் வேலை. 'அம்மா அங்கே பாத்திரம் கழுவுகிறாள், நான் இங்கே பாட்டில் கழுவுகிறேன். என்னுடையதற்கு ஆசிட், அவளுடையதற்கு விம். இதற்கா பதினேழு வருடம் படித்தோம்?' என்று அடிக்கடி யோசிப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் கோடைக்காலப் பயணம் பற்றிய பேச்சு வந்தது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் ராஜகோபாலன் லேனாவுக்குப் போகிறார். ஐந்து வாரம், படகிலேயே. உதவியாளர் ஒருவருக்குத்தான் இடம். முத்துமாரியும் டெல்லியின் தென்மேற்குக் கோடியான துவாரகாவிலிருந்து வரும் சக உதவியாளன் ப்ரசன்னாவும் கேட்டார்கள்.

"யமுனையில மூணு சோதனை. ஒரே இடத்துல ரெண்டு ரெண்டு பாட்டில் பிடிக்கணும். ஜோடி பாட்டில் ரெண்டும் ஒரே அளவு காட்டணும். யாரோடது அதிகமா ஒத்துப்போகுதோ அவங்க வரலாம்" என்றார் ராஜகோபாலன். அதிகம் பேசாத மனிதர்.

இரண்டு சோதனை முடிந்துவிட்டது. இரண்டிலும் முத்துமாரி மண்ணைக் கவ்வினாள்.

ப்ரசன்னாவின் ஜோடிகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. முத்துமாரியின் ஜோடிகள் பங்காளிச் சண்டை போட்டன. அதோடு, அவள் பாட்டில் எல்லாவற்றிலுமே வாயு குறைவாகக் காட்டியது. ஆற்று நீரில் கரைந்திருக்கும் வாயு காற்றுப் பட்டால் பறந்துவிடும். அதனால் ஆற்று நீர் வரும் ரப்பர் குழாயை பாட்டிலின் அடிவரை விட்டு, மெதுவாக நிரப்பி, பாட்டில் கொள்ளும் அளவைப் போல மூன்று மடங்கு நீர் வழிந்து போகவிட வேண்டும். முதலில் விழுந்து காற்றுப் பட்ட நீரெல்லாம் வெளியேறி, புது நீர் உள்ளே நிற்கும். பிறகு குமிழி இல்லாமல் மூட வேண்டும். இது அவளுக்கு மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"அரே, டென்ஷன் ஆகாத. உனக்கு ரஷ்யாவிலேர்ந்து பொம்மை வாங்கிட்டு வரேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குமே, அது" என்றான் ப்ரசன்னா.

"வாங்கிட்டு வா. எல்லாத்துலயும் உன் மூஞ்சிய வரைஞ்சு வைக்கிறேன்."

வாய் பேசியதே தவிர, மனம் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கருவியைக் குறை சொல்லலாமா? ப்ரசன்னாவுக்கும் அதே கருவிதான். பாட்டிலைக் குறை சொல்லலாமா? கழுவியதே அவள்தான்.

அன்று மாலை பஸ்ஸில் நின்றபடி போனைத் திறந்தாள். ஆய்வுக்கூடத்தில் உடன் வேலை செய்யும் மது அக்கா, ஆற்றங்கரையில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தாள். முத்துமாரி தன்னையே பார்த்தாள். குழாய் உள்ளே போகிறது. நீர் ஏறுகிறது. கழுத்தைத் தொடுகிறது. இதோ, வழியப் போகிறது...

குழாயை மடித்துப் பிடித்துவிட்டாள்!

திரும்பப் போட்டுப் பார்த்தாள். நீர் விளிம்புக்கு வந்ததும் இடது கை தானாகக் குழாயை மடிக்கிறது. அவள் கண் நீரைப் பார்க்கிறது, வாய் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணுகிறது, கை மட்டும் தன் போக்கில் வேறு வேலை பார்க்கிறது. ஒரு பாட்டிலில் நாலு சொட்டு வழிந்தது. இன்னொன்றில் ஒரு சொட்டுகூட இல்லை.

அந்தக் கை யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. டேங்கர் லாரி வரும் காலையில், ஆறு வயதிலிருந்து குழாய் பிடித்த கை. கேன் நிறைந்ததும் குழாயை மடித்துப் பிடித்து அடுத்த கேனுக்கு மாற்ற வேண்டும். ஒரு சொட்டு கீழே சிந்தினால் சந்து முழுக்க வசவு விழும். 'எவடி அவ தண்ணிய வுடறவ?' அந்தக் குரலுக்குப் பயந்த கை எம்மெஸ்ஸி படிக்கவில்லை.

முத்துமாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "க்யா ஹுவா, பேட்டி?" என்று, என்ன ஆச்சு மகளே என்பது போலக் கேட்டார். "கை, அண்ணா, கை!" என்று தமிழிலேயே சொல்லி, போனையும் நீட்டிக் காட்டினாள். அவர் பாவம், ஒரு பாட்டில் நிரம்புவதைக் கடைசிவரை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "அச்சா" என்றார்.

காரணம் தெரிந்தால் போதுமா? கை கேட்க வேண்டாமா? வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர்க் கேனிலிருந்து ரப்பர் குழாய் விட்டுப் பழகினாள். பாட்டில் நிறைந்தது, கை மடித்தது. இன்னொரு முறை. மடித்தது. இடது கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வலது கையால் பிடித்துப் பார்த்தாள். வலது கை மடித்தது.

"என்னாடி பண்ற அங்க? குடிக்கிற தண்ணில வெளையாடறியா?" என்று வந்தாள் வீராயி.

"தண்ணிய வழிய வுடணும்மா. வுட மாட்டேங்குது கை."

"வுடாது. நான் வளத்த கை அது. வழியணும்னா அடில ஒரு டப்பு வெச்சுக்கயேன், தண்ணி எங்க போயிடப் போவுது?"

முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். துணி ஊறவைக்கும் நீல டப்பை இழுத்து நடுவில் பாட்டிலை வைத்தாள். குழாயை உள்ளே விட்டாள். நீர் ஏறி, கழுத்தைத் தொட்டு, வழிந்தது. டப்பில் சலசலவென்று விழுந்தது. கை அசையவில்லை! ஒரு மடங்கு, இரண்டு, மூன்று. கை ஜமீன்தார் மாதிரி சும்மா கிடந்தது.

"அம்மா! பாரேன், வழியுது!"

"வழிஞ்சா வழியட்டும், அத எடுத்துத் துணிய நனை" என்றபடி வீராயி சோடாத்தூளைக் கொண்டுவந்து டப்பில் கொட்டினாள்.

மூன்றாவது சோதனைக்கு வஜீராபாத் கரைக்குப் போனபோது முத்துமாரியின் தலைமேல் நீல டப்பு இருந்தது. வண்டியில் இடமில்லாததால் மடியில் வைத்து வந்து, இறங்கும்போது வெயிலுக்குக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இது என்ன, யமுனைத் தண்ணியச் சேமிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போகப் போறியா?" என்றான் ப்ரசன்னா.

"சேமிக்கல. கடன் வாங்கித் திருப்பிக் குடுக்கிறேன்."

பாட்டிலை டப்பில் நிறுத்தினாள். யமுனை ஏறியது, வழிந்தது, வழிந்துகொண்டே இருந்தது. மூன்று மடங்கு போதும் என்றாலும் நான்கு மடங்கு விட்டாள். ஊதாரித்தனம் இவ்வளவு இனிக்குமா என்று இருந்தது. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் டப்பு நீரை ஆற்றிலேயே கொட்டினாள். மது அக்கா வீடியோ எடுத்தபடி, "அடியே, கை குலுங்குது, சிரிக்க வைக்காத" என்றாள்.

மறுநாள் மதியம் கருவி எண்களைக் கொடுத்தது. ராஜகோபாலன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். முத்துமாரியின் ஆறு ஜோடிகளும் ஒட்டிப் பிறந்தவை போல இருந்தன. ப்ரசன்னாவுடையதைவிட நெருக்கம்.

"முதல் ரெண்டு தடவை என்ன ஆச்சு?" என்றார்.

சொல்லலாமா? டேங்கர், சந்து, வசவு எல்லாம் இந்த அறையில் சொல்கிற விஷயமா? சொல்லியே விட்டாள். வீடியோவையும் காட்டினாள். கை மடிக்கும் இடம் வந்ததும் ராஜகோபாலனின் தோள்கள் குலுங்கின. மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

"இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததில்ல. தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சு வந்த ஆளையும் அதிகம் பார்த்ததில்ல. மூணுல ரெண்டு ப்ரசன்னா ஜெயிச்சான். ஆனா உங்க தப்பு எங்கேன்னு உங்களுக்குத் தெரியும், அவனோட தப்பு எங்கேன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்க வாங்க. பாஸ்போர்ட் இருக்கா?"

"இருக்கு சார்!" போன வருடமே எடுத்து வைத்திருந்தாள், எதற்கென்று தெரியாமலே.

ப்ரசன்னா மூஞ்சியைத் தொங்கப் போட்டான். அப்புறம், "பொம்மை பெருசா வேணும் எனக்கு" என்றான்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் நேரில் சொல்லக் கிளம்பினாள். ராஜேந்திரா பிளேஸில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கரோல் பாக். ஏறினாள். கதவோரம் நின்றுகொண்டாள். ஐந்து வாரம். படகு. பழுப்பு நிறத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தெரியாத ஆறு. ஜூனில் ராத்திரியே வராதாம். எவனும் எண்ணிப் பார்க்காத மூச்சை அவள் எண்ணுவாள்! பாட்டில் கழுவத்தானா படித்தோம் என்று கேட்டால், ஆமாம், நன்றாகக் கழுவுவேன் என்று சொல்லலாம் போலிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது வெளியே துவாரகா அடுக்குமாடிகள் ஓடின. எதிர்த் திசை ரயிலில் ஏறியிருந்தாள். போட்டிருந்த வெள்ளைக் கோட்டையும் கழற்றவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் அவளை டாக்டர் என்று நினைத்து, முட்டி வலிக்கு என்ன செய்யலாம் என்று இந்தியில் கேட்டாள்.

"நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. ஆத்துக்காரி" என்று சொல்லிவிட்டு, இறங்கி, படிகளை இரண்டிரண்டாகத் தாவி எதிர் நடைமேடைக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள். நேரில் சொல்கிற பொறுமையெல்லாம் போயே போய்விட்டது.