ஷட்டருக்கு அடியில் நின்ற மதியம்

போன வருடம் கத்திரி வெயிலில் நடந்தது இது. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன மீன் தொட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு கோல்டு ஃபிஷ். மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அடம்பிடித்து வாங்கியது. அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மீன் எங்களோடு தங்கிவிட்டது. நான் வேலை முடிந்து வந்தால் கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும். இந்த வீட்டில் என்னைப் பார்த்து ஓடி வருகிற ஒரே ஜீவன் அதுதான் என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அன்று எனக்கு வார விடுமுறை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் தொட்டியின் தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டார் நின்றுவிட்டது. வெயிலுக்குத் தண்ணீர் வெதுவெதுவென்று ஆகி, மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மனைவி ஒரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாள். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும்.

"நான் ஊத்திக்கிட்டே இருக்கேன். நீங்க போய் மோட்டார் வாங்கிட்டு வாங்க. கடைக்காரன் கொடுக்குறதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வராதீங்க" என்றாள்.

அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குப் புது ஆட்களிடம் பேசக் கூச்சம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அளவு சேராத செருப்பைப் பேசாமல் வாங்கி வந்து, கால் புண்ணாகிற வரை போட்டு நடந்தவன் நான்.

பக்கத்தில் சாரம் பகுதியில் வளர்ப்பு மீன் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் பல கடைகளை மதியம் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நான் போகும்போது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். ஒரு பெரிய மோட்டாரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதான்ணே எல்லாரும் வாங்குறது. ஆத்துல விட்டா ஆத்தையே திருப்பிடும்."

என் தொட்டி சின்னது, மீன் வயிறு பெருத்தது, மெதுவாகத்தான் நீந்தும், தண்ணீர் வேகமாகச் சுழன்றால் கண்ணாடியில் போய் மோதும் என்று சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மேல் தட்டில் ஒரு சின்ன மோட்டார் பெட்டி தெரிந்தது. அதைக் காட்டினேன்.

"அது பழைய ஸ்டாக்கு. ஸ்டூல் போட்டு எடுக்கணும். ஒண்ணு இதை எடுத்துக்கங்க, இல்ல நாலு மணிக்கு வாங்க."

"அதுக்குள்ள மீன் செத்துடும்" என்றேன்.

"செத்தா வேற மீன் தரேன், போங்கண்ணே" என்று சிரித்தார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பழகியது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் ஆளாக ரசாயன டிரம் ஏற்றி இறக்குகிறேன். யாராவது ஏதாவது கேட்டால், நீ போனா வேற ஆளு என்பார் சூப்பர்வைசர். அங்கே நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று ஏனோ குனிய வரவில்லை.

"எனக்கு வேற மீன் வேணாம். இந்த மீனுக்குத்தான் மோட்டார் வேணும். ரெண்டு மோட்டாரையும் பக்கெட்டுல போட்டு ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

"இது என்ன மிக்சியா, ஓட்டிக் காட்ட?" என்றபடி ஷட்டரை இழுக்கிற கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் போய் ஷட்டருக்கு நேர் கீழே நின்றுகொண்டேன். இழுத்தால் என் தலையில்தான் இறங்கும். அப்படியும் நகரவில்லை.

"பசிக்குதுண்ணே" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன்.

அப்போது மனைவி போன் செய்தாள். என் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். "வாங்கிட்டீங்களா? கை விட்டுப் போவுது. அவன் கொடுக்குறதை அப்படியே தூக்கிட்டு வந்தீங்க, அதை உங்க தலையிலேயே மாட்டி ஓட விட்டுடுவேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வீட்லயா?" என்று கேட்டார். தலையாட்டினேன். உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பெரிய மோட்டாரைப் போட்டதும் பக்கெட் தண்ணீர் எகிறி அவர் சட்டையையும் மீன் தீனிப் பாக்கெட்டுகளையும் நனைத்தது. சின்னது கொரகொரவென்று இழுத்தது. "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்தார். அதற்குள் அடைத்திருந்த காற்று வெளியேறி, தண்ணீர் அமைதியாகச் சுற்ற ஆரம்பித்தது.

"இதுக்கு கேரண்டி கிடையாது" என்றார் சட்டையைப் பிழிந்துகொண்டே.

"நான் கேக்கலையே" என்றேன்.

வீட்டில் மனைவி கை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் தண்ணீர். மோட்டாரை மாட்டிய பிறகும் மீன் வெகுநேரம் மேலேயே கிடந்தது. நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். கடைகள் மறுபடி திறக்கிற நேரத்தில் அது மெல்லக் கீழே இறங்கி, கண்ணாடி ஓரமாக வந்து நின்றது. "உங்களைத்தான் தேடுது" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைச் சுட வைக்கப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்துத் தொழிற்சாலையில் ஒரு டிரம் கசிந்தது. கையுறை இல்லை, அப்படியே தூக்கு என்றார் சூப்பர்வைசர். நான் தயங்கியதும் வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

"வரட்டும் சார். வர்றவருக்கும் சேர்த்துக் கையுறை எடுத்து வைங்க. அது இல்லாம நான் தொட மாட்டேன்" என்றேன். என் குரல் அன்றும் சின்னதாகத்தான் வந்தது. கையுறையும் வந்தது.

வேற மீன், வேற ஆளு என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு நாக்கு உலர்ந்துதான் போகிறது. ஆனால் ஷட்டருக்கு அடியிலிருந்து நான் நகர்வதில்லை.