பின்பலகை தாங்குகிற மோட்டார்

கரையில் கட்டிக் கிடந்த படகின் பின்பலகையைப் பொன்மணி பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பச்சை உதிர்ந்தது. அதற்கடியில் நீலம். அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. வருடா வருடம் அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கிற வாரத்தில், மாட்டுக்குக் கொம்பு தீட்டிய கையோடு படகுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவது மீன்பிடி சங்கத்தின் வழக்கம். எதை மூடுகிறோம் என்று யாரும் பார்த்ததில்லை. நான்காவது பூச்சுக்குக் கீழே பிளேடு தகரத்தில் கிரீச்சிட்டது.

“இருக்கு அண்ணாச்சி! இங்கனதான் இருக்கு!”

“என்னட்டி, புதையலா?” என்றார் ஆவுடையப்பன். ராணுவத்தில் இருபது வருடம் இருந்து வந்தவர், இப்போது தென்னந்தோப்பும் சங்கத்தின் தலைமையும் அவர் வசம்.

“படகு செஞ்சவன் அடிச்ச தகடு. பத்து எச்பிக்கு மேல மோட்டாரு மாட்டாதேன்னு போட்டிருக்கான், பாருங்க.”

கூமாப்பட்டிக்கு மேலே அணையில் சங்கத்துக்கு இருப்பது இந்த ஒரே ஃபைபர் படகு. பொன்மணி எட்டு வருடத்துக்கு முன்னால் இங்கே வலை அலச வந்தவள். அதற்கு முன் ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைத் தனியாளாகத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டியவள். படகு ஓட்டியவன் திருப்பூருக்குப் போனபோது, மோட்டார் கயிற்றை இழுக்க ஆளில்லை. இவள் இழுத்தாள். ஐந்து வருடமாகப் பின் இருக்கை அவளுடையது.

பழைய ஐந்து எச்பி மோட்டார் போன பருவத்தின் கடைசி வலையோடு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஆறு வாரம் மீனை வளரவிட்டு, நாளை விடியலில்தான் முதல் வலை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஹமீது தூத்துக்குடியிலிருந்து இரண்டு மோட்டார் வரவழைத்துக் கடையில் வைத்திருந்தார், ஒன்று எட்டு, ஒன்று பதினைந்து. மதியத்துக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றது திரும்பிப் போய்விடும்.

ஆவுடையப்பன் பதினைந்தில் நின்றார். அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார்: “அத ஒரு பொம்பள தூக்கி மாட்ட ஏலாது. ஆம்பள ஆளு ஒண்ணப் போட்டுக்கிடுவோம்.” காலையிலிருந்து பொன்மணி சுரண்டியது அதற்காகத்தான்.

தகட்டைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார். “கம்பெனிக்காரன் அப்படித்தான் சொல்லுவான். என் கிணத்துக்கு அஞ்சு போதும்னான். ஏழரை போட்ட பொறவுதான் தண்ணி பீச்சி அடிச்சுது.”

“கிணத்து மோட்டாரு தரையில உக்காந்திருக்கு அண்ணாச்சி. இது பலகையில தொங்குது.”

“அப்போ அந்த நோஞ்சான் அஞ்சையே வாங்கிருவமா?”

“அதுவும் ஆகாது. மூணு ஆளும் ஈர வலையும் ஏறுனா, மலைக்காத்துக்கு எதிரா முக்கி முக்கித்தானே அது செத்துச்சு? எட்டுதான் சரி.”

“என்னமோ டாக்டர் மாதிரி சொல்லுத!”

பொன்மணி பேச்சை விட்டாள். ஹமீதுக்குப் போன் போட்டு எடை கேட்டாள். “பதினஞ்சு, அம்பது கிலோ வருதுக்கா. எட்டு, முப்பதுக்குள்ளதான்” என்றார் அவர்.

சங்கக் கொட்டகையில் ஒரு யூரியா மூட்டை கிடந்தது, நாற்பத்தைந்து கிலோ. மேலே ஒரு கல்லை வைத்து ஐம்பதாக்கி, பின்பலகையில் மோட்டார் மாட்டுகிற இடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். படகைத் தண்ணீரில் தள்ளி, பெட்ரோல் கேனை வைத்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் பலகை விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது.

“அம்புட்டுதானே! இன்னும் நாலு விரல் கிடக்குல்ல!”

“வலை இழுக்குறவரு எங்க நிப்பாரு? நீங்களே வந்து நில்லுங்க.”

ஆவுடையப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி விறைப்பாக ஏறினார். பொன்மணிக்குப் பக்கத்தில் இரண்டாவது காலை வைத்ததும் பலகைக்கு மேலே தண்ணீர் சளப்பென்று உள்ளே வந்தது. தெறித்ததில் மடித்த வேட்டி நனைந்தது.

“ஏட்டி! ஏட்டி! முங்குதுட்டி!”

“அசையாதீங்க! ஒத்தக் கால முன்னால வைங்க. பாரத்த நடுவுக்குக் கொண்டுவாங்க. ஆங், இன்னொரு காலு.” மாமியாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பேசிய அதே குரல் அது. அவர் சொன்னபடி கேட்டார்.

கரைக்கு வந்து தண்ணீரை இறைத்துவிட்டு, யூரியாவில் முப்பது கிலோவை மட்டும் சாக்கில் கட்டி மறுபடி தள்ளினாள். கல் இல்லை. இந்த முறை அவர் ஏறி நின்றும் விளிம்பு மேலேயே நின்றது. மூக்கும் தணிந்திருந்தது.

ஆவுடையப்பன் வேட்டியைப் பிழிந்துகொண்டே போனை வாங்கினார். “ஹமீது பாய், எட்டு! எட்டையே அனுப்பும்!”

“நம்மகிட்ட இருக்கிறது குட்டைக்கால், விசிறித்தண்டு நீளம் கம்மி. பலகை உயரம் எம்புட்டு?” என்றார் ஹமீது.

ஆவுடையப்பன் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பொன்மணி டேப்பை ஏற்கெனவே பிடித்திருந்தாள். “பதினஞ்சு இஞ்சு. குட்டைக்காலே சரின்னு சொல்லுங்க. நெட்டைன்னா விசிறி சகதியில இடிக்கும்.”

நாலு மணிக்கு வண்டி வந்தது. பெட்டியைப் பிரித்து, மோட்டாரைத் தன் இடுப்போடு அணைத்து ஒரே மூச்சில் தூக்கிப் பலகையில் உட்கார வைத்தாள். மூன்றாவது இழுப்பில் அது பிடித்துக்கொண்டது. கரையில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. “காலையில வெரசா வந்துருட்டி, நீதான் ஓட்டணும்” என்றார் ஆவுடையப்பன்.

மறுநாள் விடியலில் அவர் முன்முனையில் உட்கார்ந்துகொண்டு, “முறுக்குட்டி, முறுக்கு!” என்று கத்தியபடியே வந்தார். புது மோட்டாரை முதல் பத்து மணி நேரம் பாதிக்கு மேல் முறுக்கக் கூடாது என்று ஹமீது சொல்லியிருந்தார். பொன்மணி முறுக்கவில்லை. வலையில் நாலு கூடை கட்லா, ஒரு கூடை ஜிலேபிக் கெண்டை. அவ்வளவு பாரத்தோடும் படகு மூக்கைத் தூக்காமல் திரும்பியது.

மற்றவர்கள் மீனை இறக்கும்போது, அவள் மோட்டாரைப் பலகையோடு பிடிக்கிற இரண்டு திருகாணிகளையும் மறுபடி இறுக்கினாள். பிறகு விரலில் கிரீஸை எடுத்து, அடுத்த பொங்கலுக்கு எவனாவது பெயிண்ட் அடித்தாலும் ஒட்டாதபடி, அந்தத் தகட்டின் மேல் நன்றாகத் தடவினாள்.