கிணற்றடியில் நின்ற தம்பி

வீட்டில் என் மனைவி இருந்தாள், மாமி இருந்தா, அண்ணை இருந்தார், நான் இருந்தேன். கிணற்றடியில் தம்பி நின்றான். அவன் இறந்து பல வருடம்.

இரண்டு நாளுக்கு முன்தான் பிள்ளையார் முன் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்து, குடியை ஒரேயடியாக விட்டிருந்தேன். அன்று காலை கை நடுங்கியது, உடம்பு வியர்த்துக் கொட்டியது. தம்பி "வா" என்றான். கிணற்றுக்கட்டில் ஏறிவிட்டேன். அண்ணை இடுப்பில் பிடித்து இழுத்து விழுத்தினார்.

"மருமோனுக்குப் பேய் பிடிச்சிட்டுது. நூல் கட்டக் கொண்டு போவம்," என்றா மாமி.

"குடிக்கேக்கை கிட்ட வராத பேய் இப்ப வருமே, மாமி?" என்றார் அண்ணை.

குடியை விட உதவும் தொலைபேசி எண்ணுக்கு மனைவி எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண்.

"கடைசியா எப்ப குடிச்சவர்?"

"முந்தநாள் காலமை."

"இது பேயில்லை, அக்கா. கனகாலம் குடிச்ச உடம்பு திடீரெண்டு நிப்பாட்டினால் இப்பிடித்தான். உயிர் போகவும் கூடும். உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

ஓட்டோ வரும்வரை அந்தப் பிள்ளை போனை வைக்கவில்லை.

மருந்தோடு குடியை விட்டேன். கிணற்றடிக்கு இன்னமும் தனியே போவதில்லை. யாராவது நாளையிலிருந்து குடிக்கமாட்டேன் என்று சொன்னால், முதலில் அந்த எண்ணுக்குக் கதைக்க வைக்கிறேன். இதுவரை நான்கு பேர்.