இரும்பு படாத மண்

பெரிய வெள்ளிக்கிழமை மண்ணில் இரும்பு படக்கூடாது. ஆணி அடிக்கக்கூடாது, மண்வெட்டி எடுக்கக்கூடாது. ஆண்டவரை அடக்கம் செய்கிற நாள், மண்ணைக் கொத்தினால் அவருக்கு நோகும். எழுவைதீவில் எங்கள் கரையில் இதை மீறியவர் இல்லை. மீறாமல் பார்த்துக்கொள்ள அப்பா இருந்தார்.

அப்பா கோயில் மூப்பர். சண்டையால் கடல் போக்குவரத்து நின்று பங்குச் சுவாமியார் வர முடியாமல் போனபிறகு செபம் நடத்துவதும் அவர்தான். தபசு காலம் தொடங்கினால் சவரம் செய்யமாட்டார். தான் பிடித்த மீனைத் தானே தொடமாட்டார். ஆண்டவரின் பாடுகளைப் பாடும்போது அவர் குரல் காயத்துக்குக் காயம் இறங்கும், பெண்கள் விம்முவார்கள். அவர் கடைப்பிடித்தவற்றில் ஒரு குறை சொல்ல ஏலாது. அவற்றுக்குள் அன்பு எங்கே இருந்தது என்று நான் தேடியது வெகுகாலம் கழித்து.

அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, முந்தைய ஆண்டு வலைக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் ஓட்டைகளோடு வந்தது. கடற்படைப் படகு சுட்டதைப் பக்கத்து வள்ளத்தார் கண்டிருந்தார்கள். உடல் கிடைக்காததால் சித்தி துக்கப் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. மாலைதோறும் ஒரு கோப்பையில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, இன்னொரு கோப்பையால் மூடி அடுப்புக்கரையில் வைப்பார். விடிந்ததும் கோழிகளுக்குப் போகும். ஒன்பது வயதில் எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. வருகிறவருக்குச் சோறு வைக்கத்தானே வேண்டும்.

அந்தப் பெரிய வெள்ளி காலையில் காகங்கள்தான் முதலில் கண்டன. கரையொதுங்கிய பாசிக்குள் ஒருவன் கிடந்தான். நீலக் காற்சட்டை, இடுப்புப்பட்டியில் நங்கூரம். முகம் இருந்த இடத்தை நான் ஒருமுறைதான் பார்த்தேன். அது போதும், இன்றுவரைக்கும்.

ஆண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடினார்கள்.

“நேவிக்காரன்,” என்றார் பக்கத்து வீட்டு மாமா. “இண்டைக்கு மச்சம் மாமிசம் ஆகாதெண்டு மீனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போலை.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே தொடர்ந்தார்: “அவங்கள் வந்து கண்டால் நாங்கள் கொண்டதெண்டுதான் சொல்லுவாங்கள். கம்பாலை தள்ளி விடுவம். நீரோட்டம் கொண்டு போடும்.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“தள்ளுங்கோ,” என்றார் அப்பா.

“மண்ணுக்குள்ளை தாட்டால் என்ன, அத்தான்?”

சித்தி எப்போது வந்தார் என்று தெரியவில்லை. ஈர மணலில் வெறுங்காலோடு நின்றார்.

“இண்டைக்கு மண்ணிலை இரும்பு படக்கூடாது, பிள்ளை. உமக்குத் தெரியாததே?”

“இரும்பு வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையே காணும்.”

அப்பா கிடந்தவனைச் சுட்டினார். “இவன்ரை ஆக்கள்தான் என்ரை தம்பியைத் திண்டவங்கள்.”

“ஓம் அத்தான். என்ரை மனுசனை.” சித்தி கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அவரையும் எங்கையோ ஒரு கரையிலை இப்பிடி நாலு பேர் நிண்டு தள்ளியிருப்பினம். திருப்பித் திருப்பித் தள்ளியிருப்பினம். அதை நினைச்சுக்கொண்டு என்னாலை இருக்க ஏலாது.”

அப்பா திரும்பி நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். கம்பு மட்டும் மணலில் கிடந்தது.

“குசினியிலை சிரட்டை கிடக்கு. எடுத்துக்கொண்டு ஓடி வா,” என்றார் சித்தி.

அலை ஏறாத மேட்டில் தோண்டினோம். தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. கையகலத்துக்குக் கீழே கல். சிரட்டைகள் உடைந்தன, பிறகு நகங்கள். வெயில் தலைக்கு மேலே வந்து நின்று பார்த்தது. பழைய சேலையொன்றை அவனுக்குக் கீழே கொடுத்து, அதோடு சேர்த்து இழுத்து வந்தார் சித்தி. என்னை எட்ட நிற்கச் சொல்லிவிட்டார். அவனுக்கு ஒரு காலில்தான் சப்பாத்து இருந்தது. அதன் கயிறு அவிழ்ந்திருந்தது. பள்ளிக்கூடம் அனுப்புகிற பிள்ளைக்கு முடிவதுபோல, அதை இறுக்கி முடிந்துவிட்டார்.

மூடியபின் நான் இரண்டு தடிகளைக் குருசாகப் பிடித்துக் காட்டினேன்.

“வேண்டாம். அவையின்ரை சமயத்திலை என்ன முறையோ,” என்றார்.

முழந்தாளிட்டுப் பரலோக மந்திரம் சொன்னோம். தீமை செய்தவர்களைப் பொறுத்தல் வருகிற இடத்தில் சித்தியின் குரல் நின்றுவிட்டது. அலைகள் வந்து போயின, வந்து போயின. நான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

பின்னேரம் கோயிலில் அப்பா பாடுகளைப் பாடினார். இறந்த ஆண்டவரின் சுரூபத்தின் பாதத்தை முத்தமிட்டு முத்தி செய்ய எல்லோரும் வரிசையாகப் போனோம். சித்தி முத்தி செய்தபோது சுரூபத்தின் பாதத்தில் அவர் விரல்கள் மணலை விட்டுவந்தன. அவருக்குப் பின்னால் அப்பா. குனிந்தவர் அந்த மணலைப் பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு முத்தி செய்யாமல் எழும்பிப் போனார். அவருக்கு ஒருசந்தி நோன்புக் களைப்பு என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்று மாலை அடுப்புக்கரையில் மூடிய கோப்பை இல்லை. பெரிய வெள்ளியல்லவா, சித்தப்பாவுக்கும் ஒருசந்தியாக்கும் என்று நினைத்தேன். உயிர்த்த ஞாயிறு வந்தது, இறைச்சிக்கறி மணத்தது. அன்றும் இல்லை. திங்கள் விடியக் கோழிகள் குசினி வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தன.

பார்க்கப் பாவமாக இருந்தது. நான் சித்தியின் சேலையைப் பிடித்திழுத்துச் சொன்னேன்:

“சித்தப்பாவுக்கு வைக்க மறந்திட்டியள்.”