குடோனில் ஐந்து நிமிடம்

போன மாதம் கழுத்து வலி தாங்காமல் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் போனேன். என் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். குதிகால், இடுப்பு, தோள்பட்டை, பின்னந்தலை எல்லாம் சுவரைத் தொடும்படி நிற்க வேண்டும் என்று மலையாளத்தில் சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே நான் நின்றுவிட்டேன். கைகளைச் சுவரோடு ஒட்டியபடி மேலே கொண்டுபோக வேண்டும் என்று செய்து காட்ட வந்தவள், நான் ஏற்கெனவே தூக்கியிருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். நானும் சிரித்து வைத்தேன். அவளுக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். உங்களுக்கு அப்படி அவசரம் இல்லையே, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அவள் கையில் இருந்த தைலத்தின் நெடி ஆட்டோவில் வீடு வரும்வரை என் கழுத்திலேயே இருந்தது. அதே நெடியோடு புதுத்துணிக் கஞ்சி வாசனையையும் பாச்சை உருண்டை வாசனையையும் சேர்த்தால் சாலை என்கிற கடைவீதியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசி. அப்பா கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பலகாரம் போடும் சரக்கு மாஸ்டர். நாங்கள் கரமனையில் இருந்தோம். பிளஸ் டூவுக்குச் சமமான பிரிடிகிரியில் தோற்றுவிட்டு வீட்டில் இருந்த என்னை அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் கடையில் சேர்த்துவிட்டார். நான் படித்தது முழுக்க மலையாளம். தமிழ் எழுத்தைத் துணிப்பெட்டி லேபிள்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன் என்று என் கணவர் கேலி செய்வார். பாதி உண்மை.

ஜவுளிக்கடையில் ஸ்டூல்கள் உண்டு. எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு. கவுண்டருக்கு உள்ளே நிற்கும் எங்களுக்குக் கிடையாது. காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் மதியம் சாப்பிடும் இருபது நிமிடம் தவிர, ராத்திரி எட்டு மணி வரை கால்கள்தான். அலமாரியில் சாய்ந்தால் மானேஜர் இருமுவார். நாகர்கோவில்காரர், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் நம் முகத்தில் களைப்பைப் பார்க்கக்கூடாது என்பது அவர் கொள்கை. காலில் பார்க்கலாமா என்று நாங்கள் கேட்டதில்லை. சாயங்காலம் செருப்புக்குள் கால் நுழையாது.

எனக்குக் கால் வலியோடு இன்னொன்றும் இருந்தது. நான் உயரம். ஐந்தடி எட்டு அங்குலம். எங்கள் வீட்டில் அது ஒரு நோய் மாதிரி. பெண் பார்க்க ஆள் வரும்போதெல்லாம் அம்மா பின்னால் வந்து நின்று, "கொஞ்சம் குனிஞ்சுக்கோ" என்று முதுகில் கிள்ளுவாள். காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு குனிவதற்கு ஒரு காரணமாவது இருக்கும். தட்டைக் கொடுத்த பிறகும் குனிந்தே நிற்பது எனக்குப் பழகிவிட்டது. பஸ்ஸில், கடையில், கண்ணாடி முன்னால்கூடக் குனிந்தே நின்றேன். இருபத்திரண்டு வயதில் என் தோள்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தன.

சொர்ணம் கடைக்கு வந்தது அப்போதுதான். போனக்காடு என்ற மலைத்தோட்டத்துக்காரி. அவள் அம்மா அங்கே தேயிலை கிள்ளுகிறவர். மலையில் வேலை குறைந்துபோனதால் இவள் ஊருக்கு இறங்கி வந்து, தம்பானூர் பக்கம் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என் வயது. என் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் அவள் நிற்பதைப் பார்த்தால் அவள்தான் உயரம் என்று தோன்றும். வந்த மூன்றாம் நாளே என்னைப் பார்த்து, "எடி நெட்டச்சி, நீ என்னத்தத் தொலச்சே? எப்பவும் தரையிலயே தேடிட்டிருக்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே கப்பைப் புழுக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு மசியல், கொஞ்சம் என் டப்பா மூடியில் வைத்தாள், அதோடு சரியாயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடையில் கூட்டம் குறையும். அப்போது மாடிக் குடோனுக்குச் சரக்கு எடுக்கப் போகிற சாக்கில் நாங்கள் இரண்டிரண்டு பேராக மேலே போவோம். எல்லாம் சொர்ணம் ஏற்பாடு. முதலில் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு தோள்களைக் காதுவரை தூக்கி, பொத்தென்று விட வேண்டும், பத்துத் தடவை. துணி சுற்றி வரும் அட்டைக் குழல் ஒன்றைத் தரையில் போட்டு, உள்ளங்காலை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதல்முறை நான் உருட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி விட்டுப்போகும்போதும் அழுகை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் மூட்டைமேல் கால்களைத் தூக்கி வைத்து, தரையில் விரித்த பழைய போர்வையில் ஒரு நிமிடம் மல்லாந்து படுப்போம். மலையில் கூடை சுமந்துவிட்டு வரும் பெண்கள் இப்படித்தான் அடுப்பு மூட்டும் முன்னால் கொஞ்ச நேரம் கிடப்பார்கள் என்றாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. கீழே இறங்கி வரும்போது கால்கள் நம்முடையவையாக இருக்கும்.

என் கழுத்துக்கு மட்டும் அவள் தனி வைத்தியம் வைத்திருந்தாள். மாடியில், கடை முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் சேலைகளைத் தேய்க்க ஒரு இஸ்திரிப்பெட்டி இருந்தது. ஈரத்துண்டை மடித்து, இஸ்திரிப்பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பொறுக்கும் சூடு வந்ததும் என் பின்கழுத்தில் போடுவாள். அதில் கறார். முதலில் பிளக்கைப் பிடுங்கு, பெட்டியை நிமிர்த்தி வை, அதற்குப் பிறகுதான் துண்டு. ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வாள். எனக்குக் காது புளித்துவிட்டது.

மூன்று மாதத்தில் நான் நிமிர்ந்துவிட்டேன். விளைவு என்ன தெரியுமா, அடுத்து பெண் பார்க்க வந்த கூட்டம் என்னை அண்ணாந்து பார்த்துவிட்டு, வடையைக்கூட முடிக்காமல் போய்விட்டது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சொர்ணத்திடம் போய்ச் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் மானேஜர் இரண்டு தடவை இருமினார். அதற்கு அடுத்து வந்தவர்தான் என் கணவர். என்னைவிட இரண்டு விரற்கடை குறைவு. நிமிர்ந்து நின்றது பிடித்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த வருடம் ஓணத்துக்கு முன்னால் பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்தது.

ஓணம் என்றால் ஜவுளிக்கடைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செட்டுமுண்டு, சரிகைக் கரை போட்ட கசவுச் சேலை, வேட்டி என்று ஆட்கள் மூச்சுவிட விடமாட்டார்கள். நாலு மணி ஓய்வும் போயிற்று. திருவோணத்துக்குப் பத்து நாள் இருக்கும். மதியம் மூன்று மணிக்குச் செட்டுமுண்டுக் கட்டு எடுக்க நான் தனியாக மேலே போனேன். கழுத்து திரும்பவே இல்லை. இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் துண்டைத் தேய்த்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மூட்டைமேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கீழிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். துண்டை உதறிவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பத்து நிமிடத்தில் கருகல் வாடை வந்தது. மானேஜர்தான் முதலில் மேலே ஓடினார். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைக்க மடித்து வைத்திருந்த கசவுச் சேலை ஒன்று, இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டு அளவுக்கு, ஏழு மடிப்பும் கருகிப் போயிருந்தது. அன்றைய கூட்டத்தில் யார் யார் மேலே போய்வந்தார்கள் என்று அவர் பார்த்திருக்கவில்லை, அதனால் எங்களை ஒவ்வொருவராக மேலே கூப்பிட்டார். நான்தான் முதல்.

"ஆரு பெட்டியை வச்சது? நேரு சொல்லணும்" என்றார்.

நேரு என்றால் உண்மை. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் அழுது, உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று இத்தனை வருடமும் யோசிக்கிறேன். என்னைச் சிபாரிசு செய்தவர் முகம், பேசி முடித்த கல்யாணம், அம்மா எல்லாம் சேர்ந்து வந்து நின்றன.

"சொர்ணமாக்கும் எப்பவும் பெட்டியை எடுக்கது சார்" என்றேன்.

அந்த 'எப்பவும்' என்ற சொல்லை நான் யோசித்துத்தான் போட்டேன். பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வேண்டியிருந்தது.

அடுத்து சொர்ணத்தைக் கூப்பிட்டார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். தான் இன்றைக்கு மேலேயே வரவில்லை என்று அவள் சொன்னாள். பின்னே யார் வந்தது என்று அவர் கேட்டதற்கு அவள் யார் பெயரையும் சொல்லவில்லை. அட்டைக் குழலையும் போர்வையையும் அவர் அதற்குள் கண்டுபிடித்திருந்தார். இது என்ன என்று கேட்டார். கால்வலிக்கு என்று சொன்னாள். யார் கொண்டுவந்த பழக்கம் என்றார். நான்தான் என்றாள். அது உண்மைதானே. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். படியிறங்கி வரும்போது என்னை ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு, சாலைத் தெருக் கூட்டத்தில் நிமிர்ந்தபடியே நடந்து போனாள்.

ஹாஸ்டலுக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். கடையிலிருந்து இருபது நிமிட நடை. ஓணக் கூட்டம், கடை அடைக்க ஒன்பதாகிறது, கடைசி பஸ் போய்விடும் என்று தினமும் ஒரு காரணம் கிடைத்தது. ஐந்தாம் நாள், என்னோடு வேலை செய்த ஒருத்தி, சொர்ணம் அறையைக் காலி செய்துவிட்டாள் என்று சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மற்றவர்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் சாப்பிடும்போது என் டப்பா மூடியில் யாரும் எதுவும் வைக்கவில்லை. குடோனுக்குப் பூட்டு வந்தது. சாவி மானேஜர் இடுப்பில். அதன்பிறகு யாருக்கும் அந்த ஐந்து நிமிடம் இல்லை.

ஓணம் முடிந்ததும் பில் போடுகிற பெண் வேலையை விட்டாள். மானேஜர் என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார். நேருள்ள பொண்ணு என்று முதலாளியிடம் சொன்னாராம். நாற்காலிக்கு முதுகு சாயப் பலகை உண்டு, தலைக்குமேல் ஃபேன் உண்டு. கவுண்டர்க்காரிகள் சீட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போவார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் ஆறு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன். என் தோள்கள் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறின. தெரிந்தும் நான் சரிசெய்யவில்லை. அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை என்று ஒரு எண்ணம். இப்போது சொல்லும்போது அசட்டுத்தனமாக இருக்கிறது.

அவளை மறுபடி ஒரே ஒரு தடவை பார்த்தேன். நாலு வருடம் கழித்து, கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில். இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் பெரிய பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்ப்பதாகவும், இப்போது மலைக்குப் போவதாகவும் சொன்னாள். "அம்மைக்கு வய்யா" என்றாள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று. பிறகு, "கழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

நான் அன்றைக்கு அந்த இஸ்திரிப்பெட்டி என்று தொடங்கினேன். அவள் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமல்லோ. உன் கழுத்து செவந்து கெடந்துச்சு."

பின்னே ஏன் மானேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக்கூடக் குற்றம் சாட்டுவதுபோலத்தான் கேட்டேன் போலிருக்கிறது.

"சொன்னா ரெண்டு பேரையும் அனுப்புவாரு. உனக்குக் கல்யாணம் வேற. நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். அவர்கிட்ட இல்ல, எங்கிட்ட. நாலு நாள் ஹாஸ்டல்ல இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வர நேரமாகிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குள் அவள் வண்டியும் வந்துவிட்டது. நான் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். கூட்டம் இடையில் வந்தது. மன்னித்துக்கொள் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை. வண்டி நகரும்வரை அது என் வாயிலேயே இருந்தது.

அந்தக் கடை இப்போது இல்லை. கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு மொபைல் கடைகள் வந்துவிட்டன. மானேஜர் ஊருக்குப் போய்விட்டார், அங்கேயே இறந்தார் என்று கேள்வி. கவுண்டரில் என்னோடு நின்ற பெண்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. எதிரில் வந்தாலும் தெரியாது.

பிசியோதெரபிக்குப் போய்வந்த வாரம், கணவரிடம்கூடச் சொல்லாமல் போனக்காட்டுக்கு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. கூரைத் தகரம் போன வீடுகளுக்குள் செடி முளைத்திருந்தது. முற்றத்தில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாள், சொர்ணத்தின் தாயார் இறந்து வருடக்கணக்காகிறது, அதன்பிறகு அவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது என்றார். திரும்பும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. உட்காரச் சொல்லிப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார். இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறாயே, உனக்கு அவள் என்ன வேண்டும், சொந்தமா என்று கேட்டார்.

கூட வேலை செய்தவள் என்றேன். சிநேகிதி என்று சொல்ல வாய் வரவில்லை.