பச்சை ரோட்டில் பொங்காலை

போன வாரம் ஒரு காலையில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

என் பிழைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். ஆசிட், பெயிண்ட் தின்னர், கேஸ் என்று ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளுக்கு ஜி.ஐ.எஸ். மென்பொருளில் வழி போட்டுக் கொடுப்பது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டை அது பச்சையாகக் காட்டும். அன்றைக்கு ஒரு தின்னர் டேங்கருக்குக் கரமனைப் பக்கம் அப்படி ஒரு ரோடு கிடைத்தது. அனுப்பிவிட்டேன். திரையில் டேங்கர் நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தது.

அப்போது மதினி கூப்பிட்டார். ஆரியசாலையில் இருக்கும் அண்ணன் மனைவி.

"தம்பி, பொங்காலைக்கு அடுப்பு கூட்டியாச்சு. ரோட்டோரத்துல நல்ல எடம் கெடச்சுது, கேட்டியா. பிள்ளையள கூட்டிட்டு வாறியா?"

"எந்தக் கோயில் மதினி?"

சொன்னார். அதே பச்சை ரோடு! பொங்காலை என்றால் கோயிலைச் சுற்றி ரோடெல்லாம் பெண்கள் பொங்கல் வைக்கும் திருவிழா. இருபுறமும் செங்கல் அடுப்பும் பானையுமாகப் பெண்கள் கூட்டம். கோயிலிலிருந்து தீ வந்தால் போதும்... அடுப்புக்கு அடுப்பு கைமாறி ரோடு முழுக்க எரியும். அதன் நடுவே தின்னர் டேங்கரா? கடவுளே, அங்கே மதினி நிற்கிறாரே!

டிரைவர் ஷிபுவுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். கிளீனர்? அவனும். வண்டி ஓடும்போது இருவர் போனும் அணைந்திருக்க வேண்டும் — இந்த ரூலை எழுதிய புண்ணியவான் யார்? அடியேன்தான்! போலீசில் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். புள்ளியோ நெருங்கிவிட்டது.

மதினியை மறுபடி கூப்பிட்டேன். "தீ வந்தாச்சா மதினி?"

"மேளம் கேக்குது. இப்ப வந்துரும். என்னப்பா ஆச்சு?"

சொன்னேன். அடுத்த நொடி, "ஏ பிள்ளையளா, கல்லைத் தூக்குங்க!" என்று ஒரு கூச்சல். அடுத்து, கோயில் பக்கம் பார்த்து மலையாளத்தில், "தீ கொடுக்கருதே!" தீ கொடுத்துவிடாதீர்கள் என்று.

புள்ளி ரோட்டு முனைக்கு வந்தது. திரும்பியது. நின்றது.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. மதினியும் கூட நின்ற பெண்களும் முனைக்கு ஓடி, ரோட்டுக்குக் குறுக்கே அடுப்பு கூட்டி, அரிசிப் பானையை ஏற்றி வைத்துவிட்டார்கள். தீ மூட்டாத அடுப்புதான். ஆனால் இந்த ஊரில் எந்த டிரைவர் பொங்காலைப் பானை மேல் வண்டியை விடுவான்? ஷிபு பிரேக்கை மிதித்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கும்பிட்டானாம்! விவரம் கேட்டதும் ரிவர்ஸிலேயே போய்விட்டான்.

மதினி திரும்பக் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளையள கூப்பிடத்தானே ஒனக்கு போன் போட்டேன்... போடாட்டா?"

இப்போதெல்லாம் லாரியைக் கிளப்பும் முன், போகிற வழியில் குடியிருக்கும் ஒரு பெண்மணியிடமாவது போனில் பேசிவிடுகிறேன்.