வெள்ளிக்கிழமை ஆமை

எழுபதுகளின் கடைசியில் என்னை வனத்துறையில் காவலர் வேலைக்கு எடுத்தார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மணப்பாட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை எங்கள் ஊர். குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் நான்தான். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பயிற்சிக்குப் புறப்பட்டேன்.

தேரிக்காட்டுச் செம்மணலில் காலடித் தடம் பார்ப்போம். எச்சத்தை உடைத்து எந்த மிருகத்துடையது என்று சொல்வோம். ஆறுமுகநேரி உப்பளங்களில் கண் கூசக் கூசப் பறவை எண்ணுவோம். எல்லாவற்றையும் பென்சிலில்தான் குறிக்க வேண்டும். மை என்றால் மழையில் கரைந்துவிடும். என்ன, எங்கே, எத்தனை, யார், இந்த நாலும் இல்லாத குறிப்பு குறிப்பே இல்லை என்பார் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ரேஞ்சர்.

ஆமை பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. ஆமை எந்த இனம் என்று ஒருநாள் வகுப்பில் ரேஞ்சர் கேட்டார். நான் எழுந்து, மீன் என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறி கூடாது, மீன் கூடும், ஆமையும் கூடும். கறி ஒதுக்கும் தவசு காலத்திலும் எங்கள் வீட்டு அடுப்பில் ஆமை வெந்தது. ஆட்டோடும் கோழியோடும் அதைச் சேர்த்து நான் நினைத்ததே கிடையாது. இந்தக் காரணத்தையும் சொல்லித் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த ஏரல் பக்கத்து விவசாயி மகன் ஒருவன் கேட்டான்: "ஏலே, உங்க சாமியார் ஆமைக்கு ஞானஸ்நானம் குடுத்து மீனாக்கிட்டாராலே?"

ரேஞ்சரும் சிரித்தார். அதுதான் எனக்கு உறைத்தது.

பயிற்சி முடிவில் அவரவர் ஊர்ப்பக்கம் பற்றி ஓர் அறிக்கை எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் கொக்கையும் நரியையும் எழுதினார்கள். முதலாவதாக வர வேண்டும் என்ற வெறியில் நான் எங்கள் கரையில் மல்லாக்கப் போட்டிருந்த ஏழு ஆமைகளை எழுதினேன். 'யார்' என்ற இடம் வந்ததும் கை நின்றது. அவற்றைப் பிடித்து வந்தது என் அக்காளின் புருஷன். பாடத்துக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு மச்சானின் பேரை எழுதினேன்.

எனக்குத்தான் முதலிடம். அறிக்கை மேலிடத்துக்கும் போகும் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் மச்சானையும் அவர் வள்ளத்தையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினைந்து நாள் கழித்து ஆள் வந்தார், வள்ளம் வரவில்லை. அதன்பின் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

அக்காள் என்னைத் தேடி வந்தாள். நான் கொடுத்த நாற்காலியில் உட்காரவில்லை.

"தம்பி, நம்ம ஆளுகள்லயே யாரோ எழுதிக் குடுத்துட்டதாச் சொல்லுதாவ. நீ ஆபீஸ்லதான இருக்க, யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"சண்டைக்கா போகப்போறேன்? செபமாலை சொல்லும்போது அவனுக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லணும். மனசு கசந்து கிடக்குலே. பேரு தெரியாம எப்படிச் சொல்ல?"

"விசாரிக்கேன் அக்கா" என்றேன்.

ஆமையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் அதற்காகக் கரையோரம் நடந்தவன் நான். ஆனால் மச்சானிடம் முதலில் போய், இனி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கேட்கிற மனிதர்தான் அவர்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்து, அக்காளிடமும் போய்ச் சொல் என்றார். இந்தப் பாஸ்கா கழியட்டும், அந்தத் திருவிழா கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அக்காள் இன்னும் இரண்டு தரம் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்குப் போனால் முன்போலவே சோறு போட்டாள்.

இப்போது அவள் இல்லை. செபமாலையைக் கடைசிவரை விடவில்லை. அந்த ஒரு மந்திரத்தை யார் பேருக்குச் சொன்னாள் என்று கேட்க, அவள் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை.